நூற்று நாற்பத்து நாலுக்கு அறுபத்தைந்து

என் சகலை பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பீர்கள். முதலில் சொன்னாலும் அப்படித்தான் படுகிறது என்றால், சரி, பொறாமைதான். பதினாறு வருஷமாக வளர்த்துவைத்த பொறாமை, இனி ஒளித்துவைக்க வீட்டில் இடமில்லை.

நான் கணக்கு வாத்தியார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். ஒரே வீட்டில் மாடியில் நாங்கள், கீழே அவர்கள். நேருக்கு நேர் "வாங்க சகலை, சொல்லுங்க சகலை" என்றுதான் பேசிக்கொள்வோம். மனசுக்குள் நான் அவரை 'அவன்' என்பேன். எழுத்திலாவது மரியாதை கொடுக்கப் பார்க்கிறேன். எங்காவது கை தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோற்ற மதிப்பெண் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பதினாறு வயதில் பல்சக்கரம் வெட்டும் பட்டறைக்குப் போனவர் அவர். இரண்டு வருஷம் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினார். மூன்றாவது வருஷம் மெஷினில் நிற்க விட்டார்கள். நின்ற முதல் மாதமே நாற்பத்தெட்டுப் பல் வெட்ட வேண்டிய சக்கரத்தில் நாற்பத்தேழு வெட்டிவிட்டார். முதலாளி திட்டவில்லை. அந்தச் சக்கரத்தைக் கம்பியில் கோத்து, அவருடைய மெஷினுக்கு மேலே, நிமிர்ந்தால் நெற்றியில் இடிக்கிற உயரத்தில் தொங்கவிட்டார். அது ஒரு வருஷம் தொங்கியது. அதற்கப்புறம் ஒரு பல் கூடியோ குறைந்தோ அவர் கையிலிருந்து ஒரு சக்கரமும் வெளியே போனதில்லை. எந்த எண்ணாக இருந்தாலும் இரண்டு தடவை எழுதுவார், வாய்விட்டுப் படிப்பார், பிறகுதான் வேலையைத் தொடுவார். கடையில் வாங்க வேண்டிய பல்பின் எண்ணிக்கையைக்கூட அப்படித்தான் எழுதுவார்.

கல்யாணப் பேச்சு வந்தபோது, "படிப்பு கம்மிதான், ஆனா கை சுத்தம்" என்றார்கள். நான் மூத்த மாப்பிள்ளை, எம்.எஸ்சி. பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் மாமனார் வந்தவர்களிடம் சொன்னார்: "பெரிய மாப்பிள்ளை கணக்கு சொல்லிக் கொடுப்பாரு. சின்னவரு கணக்கா வேலை செய்வாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு வயிற்றில் விழுந்த பொறி இது. அதற்கப்புறம் குழாய் ஒழுகினால், தையல் மெஷின் மக்கர் செய்தால், கதவு தாழ் சிக்கினால் என் மனைவி என்னைப் பார்க்கவே மாட்டாள். மாடிப்படியில் நின்று கீழே குனிந்து, "தம்பி இருக்காராடி?" என்று தங்கையைக் கேட்பாள். நான் கையில் ஸ்க்ரூடிரைவரோடு பின்னால் நிற்பேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அது இரும்பு வேலை, அவருடைய பேட்டை. வினை வேறு வழியாக வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விடுமுறையில் என் மகளுக்கு ஒரு பிளாஸ்டிக் விளையாட்டுப் பெட்டி கிடைத்தது. பெரிய வளையத்துக்கு உள்பக்கம் பல் இருக்கும். அதற்குள் சின்னச் சக்கரம் ஒன்றை வைத்து, அதிலுள்ள துளையில் பேனாவைச் செருகிச் சுற்றினால் பூப்பூவாகக் கோடு விழும். பாதிச் சுற்றில் பல் வழுக்கிவிடும், படம் கெட்டுவிடும், பிள்ளை அழும். சகலை சின்னச் சக்கரத்தை வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் பல்லைத் தடவிப் பார்த்தார்.

"பல்லா இது? பல்லு போன கிழவன் ஈறு மாதிரி வழவழன்னு இருக்கு. பிடிப்பே இல்ல."

எனக்கு மூக்கில் வியர்த்தது. "இதுக்குப் பிளாஸ்டிக் எதுக்கு? கம்ப்யூட்டர்ல நான் போட்டுத் தரேன். அது வழுக்காது" என்றேன். நான்கு நாள் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திரையில் மூன்று பெட்டிகள். பெரிய சக்கரத்தில் எத்தனை பல், சின்னச் சக்கரத்தில் எத்தனை பல், பேனாத் துளை நடுவிலிருந்து எவ்வளவு தூரம். மூன்று எண்ணைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் கோடு தானே ஓடும்.

குடும்பம் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்தது. நான் நூறு, ஐம்பது, இருபது என்று அடித்தேன். வாத்தியார் கை, சுழியில் முடிகிற எண்ணாகத்தானே வரும். கோடு ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. திரையில் ஒரு முட்டை.

"நாலு நாள் உக்காந்து முட்டையா போட்டீங்க?" என்றாள் மனைவி. கணக்கு வாத்தியார் முட்டை வாங்கியதில் எல்லோருக்கும் பரம திருப்தி. மாமனாருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

சகலை சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற நம்பரப் போட்டா அப்படித்தான் சகலை. பட்டறைல அப்படி வெட்டினா ஒரே பல்லு ஒரே பல்லையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். ரெண்டும் சீக்கிரம் தேஞ்சிடும். எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் பாத்துட்டு வரணும். ரெண்டையும் எதாலயும் பொதுவா வகுக்க முடியக் கூடாது." தொண்ணூற்றாறு, முப்பத்தைந்து என்று ஒற்றை விரலால் அடித்தார். கோடு ஓடியது, ஓடியது, முப்பத்தைந்து சுற்று ஓடியது. தொண்ணூற்றாறு முனையோடு ஒரு பூ விரிந்து முடிந்தபோது என் மகள் வாயைத் திறந்தபடி இருந்தாள்.

மீப்பெரு பொது வகுத்தி என்ற பாடத்தை நான் பத்தொன்பது வருஷமாக நடத்துகிறேன். அந்த நிமிஷம் அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

பட்டறையில் புது மெஷின் வந்தபோது கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. என் புரோகிராமை அதில் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். வேலை முடிந்து வந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அதன் முன்னே உட்காருவார். துளையை ஒவ்வொரு எண்ணாக நகர்த்தி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துக் கோடுகள் போடுவார். ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு நழுவ விடுவார். படங்களுக்குப் பெயரே கிடையாது. "இது நூத்தி அஞ்சுக்கு முப்பத்தி ரெண்டு" என்பார், பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல.

படங்கள் அச்சாகித் தெருவெல்லாம் போயின. முடிவெட்டும் கடைக் கண்ணாடிக்கு மேலே ஒன்று. தையற்கடைக்காரி அதைப் பார்த்துத் துணியில் பூ வேலை செய்தாள். பல் டாக்டர் இரண்டு வாங்கிப்போய் மாட்டினார், ஒரு சக்கரத்தில் இத்தனை பல்லும் ஒழுங்காக இருப்பதைப் பார்த்த மகிழ்ச்சியோ என்னவோ. எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "உங்க சகலை கை என்ன கை சார்." கை எங்கே வந்தது இதில்? வரைவது என் புரோகிராம். நான் எழுதிய சைனும் கொசைனும் உள்ளே ஓடி ஓடி வரைகின்றன. இரண்டரை வருஷத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், "அந்த புரோகிராம் யார் எழுதினது?" என்று கேட்டதில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்கு யாரோ பேர் வைத்த கதை. அந்த ஒரு கேள்விக்காக நான் காத்துக் கிடந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் வரைந்து பார்த்தேன். வகுபடாத எண்களாகவே பொறுக்கிப் போட்டேன். பூ வந்தது, ஆனால் சோர்ந்துபோய் வந்தது. ஒன்றில் நடு ஓட்டை பெரிசாகிவிடும், ஒன்றில் கோடெல்லாம் குவிந்து மை கொட்டியதுபோல ஆகிவிடும். எத்தனை முனை வரும், எத்தனை சுற்றில் முடியும் என்று முன்கூட்டியே காகிதத்தில் எழுதிவிடுவேன், எழுதியது அப்படியே வரும். அழகு மட்டும் வராது. கீழே அவர் ஒற்றை விரலால் தட்டுவது கேட்கும், கொஞ்ச நேரத்தில் கொழுந்தியாள் "அட" என்பதும் கேட்கும். அந்த "அட"தான் என்னைக் கொன்றது.

பள்ளி திறந்ததும் மகள் நோட்டுகளுக்கு அட்டை போட்டாள். கணக்கு நோட்டு அட்டையில் சித்தப்பாவின் படம்.

"கணக்கு நோட்டுக்கா?" என்றேன்.

"ஆமாப்பா. இதுதானே கணக்கு" என்றாள்.

போன வருஷக் கடைசியில் எங்கள் தெருமுனை நூலகத்தில் குழந்தைகள் பிரிவு புதிதாகக் கட்டினார்கள். நுழைந்தவுடன் எதிரே பெரிய வெள்ளைச் சுவர். நூலகர் அம்மாள் பல் டாக்டரிடம் பல் பிடுங்கப் போன இடத்தில் படத்தைப் பார்த்துவிட்டார். வீடு தேடி வந்து, சுவருக்கு எட்டடியில் ஒரு படம் வேண்டும் என்று சகலையிடம் கேட்டார். சகலை இருந்ததிலேயே நல்லதைக் காட்டினார். பெரிய சக்கரம் நூற்று நாற்பத்து நாலு, சின்னது அறுபத்தைந்து, துளை நாற்பது. ஒற்றைக் கோடு அறுபத்தைந்து தடவை சுற்றி நூற்று நாற்பத்து நாலு முனை தொட்டு, நடுவில் வட்டமாக ஒரு வெளியை விட்டுவைத்த படம். வலை பின்னினதுபோல இருந்தது. நானே கொஞ்ச நேரம் எரிச்சலை மறந்து பார்த்தேன்.

சின்னப் படத்தை அப்படியே பெரிசாக்கினால் கோடு மங்கும். புரோகிராமைத் திருத்தி எட்டடிக்குப் புதிதாக ஓடவிட வேண்டும். அது என்னால்தான் முடியும். சகலை மூன்று எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு தடவை எழுதி, வாய்விட்டுப் படித்து, என் கையில் கொடுத்தார். "உங்கள நம்பித்தான் ஒத்துக்கிட்டேன் சகலை" என்றார். நான் நல்ல மனசோடுதான் வாங்கினேன், அது உண்மை.

மறுநாள் அளவு கேட்க நூலகத்துக்குப் போனேன். படத்துக்குக் கீழே ஒட்டப் போகிற அட்டையை அந்த அம்மாள் காட்டினார். வரைந்தவர் என்று சகலையின் பெயர் மட்டும் இருந்தது.

"புரோகிராம் எழுதினவங்க பேரும் போடுவீங்களாம்மா?" என்று கேட்டேன். எவ்வளவு சாதாரணமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "பென்சில் செஞ்சவங்க பேரையா சார் போடுறோம்?" என்றார்.

நான் பென்சில் கம்பெனி. வீடு வரும்வரை அந்த வார்த்தை காதில் குடைந்துகொண்டே வந்தது. வந்ததும் பரீட்சைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நூற்று நாற்பத்து நாலின் காரணிகளை எழுதினேன். அறுபத்தைந்துக்குப் பக்கத்தில் எந்த எண் படத்தைக் கெடுக்கும் என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தேன். அறுபத்து நாலு அகப்பட்டது. இரண்டையும் பதினாறு வகுக்கும். நூற்று நாற்பத்து நாலு முனைக்குப் பதிலாக ஒன்பது முனைதான் வரும், அறுபத்தைந்து சுற்றுக்குப் பதிலாக நாலே சுற்றில் படம் முடிந்துவிடும். வெறும் ஒரு பல் குறைத்தால் போதும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அவரேதான் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார், பத்தாவது கணக்கில் தோற்றவர்தானே. துண்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அச்சுக்கடையில் ஓடவிட்டுச் சுருட்டிக் கொடுத்தேன், ஆட்கள் மாட்டித் துணி போட்டு மூடினார்கள். அன்று இரண்டு கை கூடுதலாகவே அள்ளிச் சாப்பிட்டேன்.

திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். சகலை தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு எண்ணெய் போகவில்லை. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துணியை இழுத்தார்கள்.

எட்டடி அகலத்தில் ஒன்பது முனை வைத்து ஒரு நட்சத்திரம். பெரிய சுவரில் நாலு சுற்றுக் கம்பியை வளைத்து மாட்டினாற்போல மொட்டையாக இருந்தது. கைதட்டல் பாதியில் ஓய்ந்தது. பின்னாலிருந்து ஒருவர், "இதுக்கா இவ்வளவு தடபுடல்?" என்று சொன்னது நன்றாகவே கேட்டது. நான் சகலையின் முகத்தைப் பார்த்தேன். அது சுருங்குவதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

முகம் சுருங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. முனைகளை எண்ணுகிறார் என்று தெரிந்தது.

நூலகர் அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீங்க காட்டினது வலை மாதிரி நெருக்கமா இருந்துச்சே?"

"ஆமாம்மா. நான் கொடுத்தது அறுபத்தஞ்சு. ரெண்டு தடவை எழுதி, படிச்சுப் பாத்துத்தான் கொடுத்தேன்" என்றார் சகலை. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "புரோகிராம்ல எங்கயோ தப்பு இருக்கும்போல."

"புரோகிராமா? அது யார் எழுதினது?" என்றார் அந்த அம்மாள்.

"எங்கப்பா" என்றாள் என் மகள்.

இரண்டரை வருஷம் காத்திருந்த கேள்வி. தெருவே என் பக்கம் திரும்பியது. பல் டாக்டர், தையற்கடைக்காரி, என் மனைவி, என்னிடம் படிக்கிற நாலைந்து பிள்ளைகள். "கணக்கு வாத்தியாராச்சே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மகள் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்து, "எங்க தப்பு விட்டீங்கப்பா?" என்று கேட்டாள். பாவப்பட்டுக் கேட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டு, "ஆமாம், எங்கேயோ பிசகிவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கதை அங்கேயே முடிந்திருக்கும். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் என் கணக்கு தப்பு என்று ஊர் சொல்ல, அதை நான் நின்று கேட்டுக்கொள்வதா? எனக்கென்று இருப்பது அது ஒன்றுதானே.

"புரோகிராம்ல ஒரு தப்பும் இல்ல" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "சுத்தமான புரோகிராம் அது. நான்தான் அறுபத்தி நாலுன்னு மாத்திப் போட்டேன்."

மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மகளின் கை என் கையிலிருந்து மெல்ல நழுவியது. நூலகர் அம்மாள் அந்தச் சின்ன அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

சகலை மட்டும் நேராகப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"தெரியும் சகலை" என்றார். "அறுபத்தஞ்சுக்குப் பக்கத்துல ஒம்பது முனைன்னா அறுபத்தி நாலா இருக்கணும். இல்லன்னா எம்பது. எம்பதா இருந்தா நடு ஓட்டை இன்னும் சின்னதா இருக்கும். புரோகிராம்ல தப்பு இல்லன்னும் தெரியும். உங்க வாயால வரட்டும்னுதான் அப்படிச் சொன்னேன்."

நின்ற இடத்தில் நின்றபடியே சொன்னார். கையில் பேப்பர் இல்லை, பென்சில் இல்லை. எண்ணி முடித்த அந்த ஒரு மூச்சுக்குள் அறுபத்து நாலையும் எண்பதையும் போட்டுப் பார்த்து, ஓட்டையின் அளவை வைத்து ஒன்றைக் கழித்தும்விட்டார்.

வெட்கம் வரவில்லையா என்று மனைவி இன்றுவரை கேட்கிறாள். வந்தது. இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது, நான் ஒரு முழுத் தாளை நிரப்பிக் கண்டுபிடித்த அறுபத்து நாலை அவன் எப்படி மனக்கணக்காகவே போட்டான் என்ற வயிற்றெரிச்சல்தான்.